ஆப்பிரிக்கப் பன்றிக் காய்ச்சலுக்கு மருந்து தேட: கணினியா, செல் சோதனையா?

2018-இல் சீனாவுக்குள் நுழைந்து பண்ணை பண்ணையாகக் காலி செய்த இந்த வைரஸுக்கு இன்னும் ஒரு மருந்து கிடையாது. தேடலை எங்கே தொடங்குவது என்று குழம்பும் மாணவர்களுக்காக இது.

செலவு
கணினி: ஒரு மூலக்கூறு புரதத்தில் எப்படிப் பொருந்தும் என்று கணித்து மதிப்பெண் போடும் (இதுதான் டாக்கிங்) ஆட்டோடாக் வினா மென்பொருள் இலவசம், மூலக்கூறுகளின் பட்டியலான ஜிங்க் தரவுத்தளமும் இலவசம்.
செல்: உயிருள்ள வைரஸைக் கையாள உயர் பாதுகாப்பு ஆய்வகம் வேண்டும், இந்த வைரஸ் தொற்றும் பன்றியின் மேக்ரோஃபேஜ் (நோய் எதிர்ப்பு) செல்கள் வேண்டும். காசு கரையும்.

வேகம்
கணினி: மூலக்கூறுகளை லட்சக்கணக்கில் சலிக்கலாம்.
செல்: அவ்வளவு முடியாது.

நம்பகம்
இங்கேதான் கவனம் தேவை. உதாரணத்துக்கு, வைரஸின் டி.என்.ஏ.வைப் பழுதுபார்க்கும் பாலிமரேஸ் எக்ஸ் வெறும் 174 அமினோ அமிலம் கொண்ட குட்டிப் புரதம். அதன் பள்ளத்தில் ஒரு மூலக்கூறு அழகாகப் பொருந்தி நல்ல மதிப்பெண் வாங்கும், ஆனால் செல்லுக்குள் நுழையவே நுழையாது, இல்லையென்றால் செல்லையே கொன்றுவிடும். டாக்கிங் இதைச் சொல்லாது. செல் சோதனை சொல்லும்.

இலக்குப் புரதத்தின் வடிவம் தெரியும், கையில் காசு குறைவு என்றால் கணினியில் தொடங்குங்கள். ஆனால் மதிப்பெண் பட்டியலோடு தயவுசெய்து நிறுத்திவிடாதீர்கள், முதல் பத்து இருபதையாவது செல்லில் போட்டுப் பாருங்கள். பாதுகாப்பு ஆய்வகமும், ஏற்கெனவே புழக்கத்தில் உள்ள சில நூறு மருந்துகளும் இருக்கிறதா? சரி, நேரே செல்லுக்கே போய்விடலாம்.