வளர்ந்ததும் சரியாகிவிடும் என்று வாங்கக் கூடாத ஒன்று: ஒன்பது வயது மகளின் முதல் பேஸ் கிட்டார்

பள்ளிச் சீருடை தைக்கக் கொடுக்கும்போது, "வளர்ற பிள்ளை, ரெண்டு அங்குலம் உள்ளே மடிச்சுத் தைங்க" என்று தையற்காரரிடம் சொல்லாத பெற்றோர் நம் ஊரில் இருக்க மாட்டார்கள். நானும் அப்படிச் சொன்னவன்தான். அதே கணக்கை இசைக்கருவிக்கும் போட்டதில்தான் முதல் முறை ஏமாந்தேன். பேஸ் கலைஞர் மோகினி டே வாசிக்கும் காணொளிகளைப் பார்த்துவிட்டு, தனக்கும் பேஸ் கிட்டார், அதாவது தாழ்ந்த சுரங்களை வாசிக்கும் கிட்டார், வேண்டும் என்று என் மகள் ஓராண்டாகக் கேட்டுக்கொண்டிருந்தாள். சேலத்தில் ஒரு கடைக்கு அழைத்துச் சென்றேன். கடைக்காரர் முழு அளவுக் கருவி ஒன்றை எடுத்து நீட்டி, "நாலு கம்பிதானே சார், சாதாக் கிட்டாரைவிட ஈஸி, பாப்பா ரெண்டு வருஷத்துல வளர்ந்துடும்" என்றார். அவர் சொன்னது எனக்கும் வசதியாக இருந்ததால் வாங்கிவிட்டேன்.

மூன்றே வாரத்தில் அது கட்டிலுக்கடியில் போய்விட்டது. இடது கையை முதல் மெட்டு (கருவியின் கழுத்தில் குறுக்காகப் பதித்த உலோகக் கம்பி) வரை நீட்டுவதற்கு அவள் தோளையே சாய்க்க வேண்டியிருந்தது. சுண்டு விரல் எந்தத் தந்தியையும் தொடவில்லை. பத்து நிமிடத்தில் மணிக்கட்டு வலிக்கிறது என்றாள். கருவியை மாற்றித் தரக் கேட்டதற்கு, பயன்படுத்திய பொருளைத் திரும்ப எடுப்பதில்லை என்று கடையில் சொல்லிவிட்டார்கள். அவர்கள் விதி அவர்களுக்கு. குழந்தையின் கையை ஒரு முறைகூடக் கருவியின் மேல் வைத்துப் பார்க்காமல் விற்றார்கள் என்பதுதான் என் மனக்குறை. பார்க்கச் சொல்லாமல் வாங்கிய குற்றம் என்னுடையது.

இரண்டாம் முறை அளவு நாடாவோடு உட்கார்ந்தேன். பேஸ் கிட்டாரில் முதலில் பார்க்க வேண்டியது தந்தியின் எண்ணிக்கையையோ நிறத்தையோ அல்ல, ஒலிக்கும் தந்தியின் நீளத்தை. இதை ஸ்கேல் என்கிறார்கள். 1951-இல் ஃபெண்டர் நிறுவனம் கொண்டுவந்த பிரெசிஷன் பேஸில் அந்த நீளம் 34 அங்குலம். கடைகளில் பெரும்பாலும் தொங்குவது இன்றும் அந்த அளவுதான். ஷார்ட் ஸ்கேல் எனப்படுவது 30 அங்குலம். ஸ்குவையர் பிராங்கோ அந்த வகை. அதற்கும் கீழே 28.6 அங்குலத்தில் ஐபனெஸ் மைக்ரோ, ஸ்குவையர் மினி பிரெசிஷன் போன்றவை இருக்கின்றன. கேட்கும்போது ஐந்து அங்குல வித்தியாசம் பெரிதாகத் தோன்றாது. கையளவில் கணக்கிட்டால் அதன் பொருள் புரியும்: முதல் மெட்டிலிருந்து நான்காம் மெட்டு வரை, அதாவது விரலுக்கு ஒரு மெட்டு என்று நான்கு விரல்களையும் பரப்ப வேண்டிய தூரம், 34 அங்குலக் கருவியில் ஏறத்தாழ 13 சென்டிமீட்டர், 28.6 அங்குலக் கருவியில் 11-க்குச் சற்றுக் குறைவு. என் மகளின் கையைத் தாளில் விரித்து வரைந்து பார்த்தேன். சுட்டு விரல் நுனியிலிருந்து சுண்டு விரல் நுனி வரை, முழுக்க நீட்டியும், 12 சென்டிமீட்டரைத் தொடவில்லை. முதல் கருவியோடு அவள் மூன்று வாரம் போராடியது சோம்பலால் அல்ல என்பது அந்தத் தாளைப் பார்த்த பிறகே எனக்கு விளங்கியது.

மோதிர விரலையும் சுண்டு விரலையும் சேர்த்து ஒரே விரலாகப் பயன்படுத்தி, மூன்று மெட்டுகளுக்குள் கையை வைத்துக்கொள்ளும் முறையும் உண்டு. இரட்டை பேஸ் என்ற, நிறுத்தி வைத்து வாசிக்கும் பெரிய கருவியை வாசிப்பவர்களிடமிருந்து வந்த பழக்கம் அது. எங்கள் ஆசிரியர் அதைத்தான் கற்றுத்தருகிறார். அந்த முறையில் பரப்ப வேண்டிய தூரம் பெரிய கருவியில் சுமார் 9 சென்டிமீட்டர், சிறியதில் ஏழரை. ஆகவே கை மிகச் சிறிதாக இல்லாத பன்னிரண்டு, பதின்மூன்று வயதுப் பிள்ளைக்கு 30 அங்குலக் கருவியே போதும் என்பது என் கருத்து. ஒன்பது வயதுக்கு 28.6-க்கு மேல் போக மாட்டேன். பிள்ளை வளர்ந்ததும் இது வீணாகிவிடுமே என்று கேட்பவர்களுக்கு ஒரு செய்தி: பீட்டில்ஸ் குழுவின் பால் மெக்கார்ட்னியின் கையில் நாம் பார்த்துப் பழகிய ஹாஃப்னர் வயலின் பேஸும் 30 அங்குல அளவினதுதான், அதைச் சிறுவர் கருவி என்று யாரும் சொன்னதில்லை.

நாங்கள் இறுதியாக வாங்கியது ஐபனெஸ் மைக்ரோ, ஜிஎஸ்ஆர்எம்20 என்ற மாதிரி. இம்முறை வேறொரு கடை. கையிருப்பில் இல்லாததால் வரவழைத்துக் கொடுத்தார்கள். கொடுப்பதற்கு முன் அங்கிருந்த பழுது பார்க்கும் பெரியவர் செய்ததை இங்கே எழுதியே ஆக வேண்டும். மகளை முதுகுச் சாய்வில்லாத முக்காலியில் உட்கார வைத்து, வாரை மாட்டி, "கண்ணு, இடது கையை எடுத்துடு பார்ப்போம்" என்றார். கையை எடுத்ததும் கருவியின் தலைப்பகுதி மெல்லக் கீழே சரிந்தது. வழுக்கும் நைலான் வாரைக் கழற்றிவிட்டு, உட்புறம் சொரசொரப்பான அகலத் தோல் வாரை மாட்டினார், சரிவு நின்றது. கழுத்தைத் தாங்கிக்கொண்டே வாசிக்கும் இடது கை ஒருநாளும் விரைவாக நகராது என்றார். பிறகு ஆம்பில் (ஒலியைப் பெருக்கும் பெட்டி) இணைக்காமலே, ஒவ்வொரு தந்தியையும் ஒவ்வொரு மெட்டிலும் அழுத்தி, எங்கே கரகரக்கிறது என்று காதைக் கொடுத்துக் கேட்டார். பன்னிரண்டாம் மெட்டில் தந்திக்கும் உலோகத்துக்கும் உள்ள இடைவெளியைச் சிறிய எஃகு அளவுகோலால் பார்த்து, இரண்டரை மில்லிமீட்டருக்குக் கீழே இறக்கினார். அரை மணி நேர வேலை. முதல் கடையில் இது நடக்கவே இல்லை; தந்தி உயரமாக நின்றால் பிஞ்சு விரலுக்கு அது கம்பி வேலியை அழுத்துவதுபோல் இருக்கும் என்பது எனக்கும் தெரிந்திருக்கவில்லை.

எட்டு மாதப் பயன்பாட்டுக்குப் பிறகு சொல்கிறேன்: மெட்டுகளின் இடைவெளியும் கழுத்தின் பருமனும் அவள் கைக்குப் பொருந்துகின்றன, இருபத்திரண்டு மெட்டுகளும் முழுமையாக இருக்கின்றன, நடுவில் பி (பிரெசிஷன்) வகை, தந்திகள் முடியும் பாலத்தருகே ஜே (ஜாஸ்) வகை என்று, தந்தியின் அதிர்வை மின்குறிப்பாக்கும் பிக்கப் இரண்டு இருப்பதால் ஒலியை மாற்றிப் பார்க்க இடமுண்டு, பேட்டரி தேவையில்லை. குறை என்று சொன்னால், இ சுரத்துக்குச் சுருதி சேர்க்கும் மிகத் தடித்த தந்தி, அதாவது இ தந்தி, சற்றுத் தளர்வாக உணரப்படுகிறது. எந்த நிறுவனத்தின் கருவியானாலும் இந்த நீளத்தில் அது தவிர்க்க முடியாதது: தந்தியின் தடிமனையும் சுருதியையும் மாற்றாமல் நீளத்தை மட்டும் குறைத்தால், இழுவிசை நீளத்தின் வர்க்கத்துக்கேற்பக் குறையும். 34 அங்குலத்தில் இருப்பதில் சுமார் 71 விழுக்காடுதான் இங்கே மிஞ்சும். மெல்லிய விரலுக்கு அது வரம். ஒலிக்கு அது கொஞ்சம் நட்டம். பலமாக மீட்டினால் இ தந்தி ஒரு கணம் சுருதி விலகி எழும்பிப் பின் அடங்குகிறது. ரப்பர் போன்ற தந்தி கட்டிய, யுகுலேலே என்ற குட்டிக் கிட்டாரின் அளவிலான யுகுலேலே பேஸையும் ஒருமுறை வாசிக்க வைத்துப் பார்த்தோம். இன்னும் சிறியது, அதே இ-ஏ-டி-ஜி சுருதி, ஆனால் விரலுக்குப் பழகும் உணர்வு முற்றிலும் வேறு என்பதால் வேண்டாம் என்று விட்டோம். ஐந்து தந்திக் கருவியைப் பற்றி இந்த வயதில் யோசிக்கவே வேண்டாம்.

ஆம்பில் கஞ்சத்தனம் செய்யாதீர்கள். இ தந்தியின் அதிர்வு 41 ஹெர்ட்ஸ், அதாவது நொடிக்கு 41 முறை. சாதாரணக் கிட்டார் ஆம்பின் சிறிய ஒலிபெருக்கி அதற்காகச் செய்யப்பட்டதல்ல, ஒலியைக் கூட்டினால் உறுமும், கிழியவும் கூடும். எட்டு அங்குல ஒலிபெருக்கியும் ஹெட்போன் துளையும் உள்ள சிறிய பேஸ் ஆம்ப் வீட்டுக்குப் போதும். மொத்தப் பணத்தில் மூன்றில் ஒரு பங்கை இதற்கு ஒதுக்குவேன். இளையராஜா பாடல்களில் பேஸ் எங்கே போகிறது என்று கண்டுபிடிக்கச் சொல்லி ஆசிரியர் வீட்டுப்பாடம் கொடுத்தபோது, கைப்பேசியில் கேட்டுவிட்டு "அப்பா, இந்தப் பாட்டுல பேஸே இல்ல" என்று மகள் வந்து நின்றாள். ஹெட்போனைக் கொடுத்ததும் கண்கள் விரிந்தன. கைப்பேசியின் ஒலிபெருக்கி அந்தத் தாழ்ந்த சுரங்களை ஏறத்தாழ விழுங்கிவிடுகிறது.

எங்களுக்கு இன்னொரு சிக்கலும் உண்டு. வீடு அஸ்தம்பட்டியில், மாமனார் வீடு ஏற்காட்டில். மாதம் இருமுறை இருபது கொண்டை ஊசி வளைவுகள் ஏறி, அங்குள்ள தேவாலயப் பாடகர் குழுவோடு மகள் வாசிக்கிறாள். சேலத்தின் வறண்ட வெயிலிலிருந்து, ஏறத்தாழ 1500 மீட்டர் உயரத்து ஈரப்பதத்துக்குப் போகும் மரம் சும்மா இருக்காது. ஐப்பசி மழையில் இரண்டு வாரம் அங்கேயே வைத்திருந்தபோது கழுத்து வளைந்து தந்தி மேலெழும்பிவிட்டது. கழுத்துக்குள் ஓடும் இரும்புக் கம்பியைப் பெரியவர் கால் சுற்றுத் திருப்பிச் சரிசெய்தார். அதைப் பழகாத கையால் திருகக் கூடாது என்று எச்சரித்தும் அனுப்பினார். இப்போது உறைக்குள் சிலிக்கா ஜெல் பொட்டலங்கள் போடுகிறோம், வாசித்து முடித்ததும் பழைய வேட்டித் துணியால் தந்திகளைத் துடைக்கிறோம், சித்திரை வெயிலில் காரின் டிக்கியில் வைப்பதே இல்லை.

கோடை விடுமுறைக்கு மலையேறும் முன் ஒருமுறை கடைக்குப் போக வேண்டும். இ தந்தியை மட்டும் ஒரு படி தடித்ததாக மாற்றிப் பார்க்கலாம் என்று பெரியவர் சொல்லியிருக்கிறார். ஷார்ட் ஸ்கேலுக்கென்றே விற்கும் தந்தியாக வாங்கி வரச் சொன்னார். கட்டிலுக்கடியில் இருக்கும் அந்தப் பெரிய கருவியையும் எடுத்துப் போய், யாராவது வளர்ந்த பிள்ளைக்குக் கிடைக்குமா என்று கேட்கப் போகிறேன்.