நிபோங் திபால் பழங்கடிதக் கடை: தாளை நம்பிக் கொடுக்கலாம், கணக்கைக் கொடுக்காதீர்கள்

பினாங்கு மாநிலத்து நிபோங் திபால் கடைவீதியில் மாடியில் இருக்கும் இந்தக் கடை மூன்று வேலை பார்க்கிறது: கிழிந்த பழைய தாளை ஒட்டுவது, ஸ்கேன் எடுப்பது, பழைய தமிழ்க் கையெழுத்தை வாசித்துத் தட்டச்சு செய்து தருவது. 1800க்கும் 1840க்கும் இடைப்பட்ட குடும்பக் கடிதங்களும் கடன் சீட்டுகளும் வைத்திருப்பவர்களுக்கு முதல் இரண்டும் தாராளமாகப் போதும். மூன்றாவதற்குக் காசு அழ வேண்டாம்.

ஒட்டுவேலை முதல் தரம். அந்தக் காலத்துக் கடிதங்கள் பலவற்றில் மை, மாசிக்காயும் அன்னபேதியும் (இரும்பு உப்பு) சேர்த்துக் காய்ச்சியது. அதிலுள்ள அமிலமும் இரும்பும் எழுத்து இருந்த இடத்தையே அரித்து ஓட்டை போட்டுவிடும். ஈரப்பசை தடவினால் இரும்பு கரைந்து பக்கத்துத் தாளுக்கும் பரவும். அதனால் இங்கே முதலில் ஒரு சோதனைத் தாளை லேசாக நனைத்து, மையின்மேல் அரை நிமிடம் அழுத்துகிறார்கள். சோதனைத் தாள் இளஞ்சிவப்பானால் கரையும் இரும்பு இருக்கிறது என்று அர்த்தம்; மாவுப்பசையைத் தொடுவதில்லை. ஜெலட்டின் பூசி உலர்த்திய மெல்லிய ஜப்பானியத் தாளை, ஈரம் தெரியாத அளவுக்கு நனைத்து ஒட்டுகிறார்கள். லேமினேட் செய்யச் சொன்னால் மறுத்துவிடுகிறார்கள். அதற்கே ஒரு சபாஷ்.

ஸ்கேன் ஒரு பக்கத்துக்கு 5 வெள்ளி, வண்ணத்தில், 600 டிபிஐ, டிஃப் கோப்பு. பின்னாலிருந்து விளக்கடித்து நீர்க்குறியை (தாள் செய்யும்போதே அதில் பதியும் அடையாளம்) படமெடுக்க 3 வெள்ளி கூடுதல். கேட்டு வாங்குங்கள். 1794க்குப் பிறகு இங்கிலாந்துத் தாள்கள் பலவற்றில் ஆண்டையே நீர்க்குறியாகப் போட்டார்கள். கடிதம் அந்த ஆண்டுக்கு முந்தியதாக இருக்க முடியாது.

இதில் ஒரு குறை. அப்போது உறை வைத்து அனுப்புவது அரிது. எழுதிய தாளையே மடித்து அரக்கு வைத்து, வெளிப்பக்கத்தில் விலாசம் எழுதுவார்கள். துறைமுக முத்திரை, தபால் கூலி எல்லாம் அந்தப் பக்கத்தில்தான் இருக்கும். கவுண்டர் பையன் அதை 'வெறும் பக்கம்' என்று தள்ளிவிடுகிறான்.

கணக்கு வாசிப்புக்கு வருவோம். இங்கேதான் பொல்லாப்பு. தலையிலுள்ள பிள்ளையார் சுழி தமிழ் எண் ௨ போலிருப்பதால், அதை 2 என்று முதல் வரியில் சேர்த்துவிடுகிறார்கள். ௱ நூறு, ௫ ஐந்து; ௱௫ என்றால் 105. இவர்கள் 15 என்கிறார்கள். பழைய முறையில் 25ஐ ௨௰௫ (இரண்டு, பத்து, ஐந்து) என்று எழுதினார்கள், இடமதிப்பு கிடையாது. பற்றுக் குறி ௶, வரவுக் குறி ௷ இரண்டும் மாறிப்போனால் கடன் கொடுத்தவர் கடன்காரராகிவிடுவார். அடியில் போட்ட மொத்தத்தோடு ஒருமுறை ஒப்பிட்டிருந்தாலே பாதித் தவறு பிடிபட்டிருக்கும்.

சென்னைக் கும்பெனிக் கணக்கில் ஒரு நட்சத்திர வராகன் என்ற தங்க நாணயத்துக்கு 42 பணம், ஒரு பணத்துக்கு 80 காசு. ஆகவே 7-21-0 என்றால் ஏழரை வராகன். 1818இல் ரூபாய் வந்தபோது வராகனுக்கு மூன்றரை ரூபாய் என்று வைத்தார்கள். அப்படிப் பார்த்தால் 26 ரூபாய் 4 அணா. இவர்கள் தந்த தாளில் 7.21 என்று இருக்கிறது!

தேதியும் அப்படித்தான். தாது வருஷம் என்றதும் பஞ்சம் நினைவுக்கு வந்து 1876 என்று போட்டுவிடுகிறார்கள். அறுபது வருஷச் சுற்றில் 1816ம் தாதுதான். கணக்கு வராகனில் ஓடினால் 1816 பக்கம் சாயலாம். நீர்க்குறியும் ஒத்துவந்தால் சந்தேகமே வேண்டாம்.

உண்டியல், அதாவது பணம் செலுத்தச் சொல்லும் மாற்றுச் சீட்டு விஷயத்தில் சேதம் இன்னும் பெரிது. கடல் கடந்து போகும் ஐரோப்பிய மாற்றுச் சீட்டுகளை ஒரே தொகைக்கு மூன்று பிரதியாக எழுதி வெவ்வேறு கப்பலில் அனுப்புவது வழக்கம். ஒன்று செலுத்தப்பட்டால் மற்ற இரண்டும் செல்லாது. கடை தரும் பட்டியலில் அது மூன்று கடன்.

தட்டச்சுக்கு ஒரு பக்கத்துக்கு 20 வெள்ளி கேட்கிறார்கள். அந்தப் பணத்தில் இன்னும் நான்கு பக்கம் ஸ்கேன் எடுத்துக்கொள்ளலாம். வாசிப்பைப் பழைய பேரேடு பார்த்துப் பழகிய பெரியவர் யாரிடமாவது விடுங்கள். தாளைக் கொடுக்கும்போது 'இரு பக்கமும், நீர்க்குறியும்' என்று ரசீதிலேயே எழுதச் சொல்லுங்கள். சனிக்கிழமை கூட்டம் அதிகம். வார நாளில் காலையிலேயே போய்விடுவது நல்லது.