டோக்கியோவில் ஆன்சைட்: நிஷிகசாயா, யோகோஹாமாவா, ஆபீஸ் பக்கமா?

ஆன்சைட்டுக்கு, அதாவது கம்பெனி அனுப்பும் வெளிநாட்டு வேலைக்கு, டோக்கியோ என்று முடிவானதும், வீடு எங்கே எடுப்பது என்று கேட்டால் மூன்று பதில்தான் வரும். நிஷிகசாய் போ, நம்ம ஆட்கள் இருக்கிறார்கள். யோகோஹாமா போ, வீடு விசாலமாக இருக்கும். ஆபீஸ் பக்கத்திலேயே எடு, ரயிலில் நசுங்க வேண்டாம். மூன்றிலும் நியாயம் இருக்கிறது. ஆனால் குடும்பத்தோடு போகிறவர், ஆபீஸ் போகாமல் பகலெல்லாம் வீட்டில் இருக்கப்போகிறவரின் வசதியைப் பார்த்துத்தான் இடம் முடிவு செய்ய வேண்டும் என்பது என் கட்சி.

நிஷிகசாய், டோக்கியோவின் கிழக்கு ஓரத்தில் எடொகாவா வார்டில் இருக்கிறது. 2000-ஆம் ஆண்டை ஒட்டிக் கணினித் தேதிச் சிக்கலைச் சரிசெய்ய வந்த இந்திய என்ஜினியர்கள் இங்கே குடியேற ஆரம்பித்தார்கள். முக்கியக் காரணம் தோசாய் மெட்ரோ. வங்கிகளும் பங்குத் தரகு நிறுவனங்களும் இருக்கும் கயாபாச்சோ, நிஹொன்பாஷி, ஒத்தேமாச்சி எல்லாவற்றுக்கும் வண்டி மாறாமல் சுமார் 20 நிமிடத்தில் போய்விடலாம். இன்று அங்கே சிபிஎஸ்இ பள்ளி இருக்கிறது. பருப்பு, புளி, மசாலா எல்லாம் நடந்துபோய் வாங்கலாம்.

இதையெல்லாம் விடப் பெரிய விஷயம், கேட்க ஆள் இருப்பது. எரியும் குப்பைக்கு ஒரு நாள், பிளாஸ்டிக்குக்கு ஒரு நாள், பாட்டில்களுக்கு ஒரு நாள் என்று ஒவ்வொரு தெருவுக்கும் அட்டவணை உண்டு. மாற்றி வைத்தால் ஸ்டிக்கர் ஒட்டி அப்படியே விட்டுவிட்டுப் போவார்கள். பள்ளியிலிருந்தோ வார்டு ஆபீஸிலிருந்தோ வரும் கடிதம் முழுக்க ஜப்பானிய மொழியில் இருக்கும். மொழி தெரியாமல் வந்த முதல் சில மாதங்களில், "இது என்னங்க?" என்று பக்கத்து வீட்டில் கேட்க முடிவது எவ்வளவு பெரிய நிம்மதி என்பது தனியாக இருந்து பார்த்தவர்களுக்குத்தான் தெரியும்.

குறைகளும் சின்னவை அல்ல. தோசாய் லைனில் கிபாவுக்கும் மொன்சென்-நாகாச்சோவுக்கும் இடையே காலை நெரிசல் 2019-ஆம் நிதியாண்டில் 199 சதவீதம், அதாவது கொள்ளளவில் கிட்டத்தட்ட இரண்டு மடங்கு. விரைவு வண்டிகள் நிஷிகசாயில் நிற்பதும் இல்லை. இன்னொன்று வெள்ளம். வார்டின் பெரும்பகுதி, கடல் ஏற்றத்தின்போது நீர்மட்டத்துக்குக் கீழே போகும் தாழ்நிலம். 2019-இல் வார்டு நிர்வாகமே வெளியிட்ட வெள்ள அபாய வரைபடத்தில், பெருவெள்ளம் வந்தால் இங்கே இருக்கக் கூடாது என்று அட்டையிலேயே அச்சிட்டிருந்தார்கள். தரைத்தளத்தில் வீடு எடுக்காதீர்கள். அபாய வரைபடத்தைப் பார்க்காமல் கையெழுத்தும் போடாதீர்கள்.

யோகோஹாமா என்றால் பொதுவாக மிதோரி வார்டின் கிரிகாவொகா பக்கம். 2009-இல் இந்தியப் பள்ளி ஒன்று அங்கே தொடங்கியதும் குடும்பங்கள் வர ஆரம்பித்தன. மேட்டு நிலம், மரங்கள், அதே வாடகைக்கு இன்னொரு அறை. குழந்தைகளுக்கு நல்ல இடம். ஆனால் டோக்கியோ மத்தியில் ஆபீஸ் என்றால், தொகாய்ச்சிபா ஸ்டேஷனுக்கு பஸ், அப்புறம் ரயில் என்று ஒரு வழிக்கே ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகும். டோக்கியோ ஆபீஸில் வேலை முடிவதே தாமதமாகத்தான். வீடு திரும்பும்போது குழந்தை தூங்கியிருக்கும், அதுவரை எல்லாப் பாரமும் ஒருவர் தலையில். யோகோஹாமாவிலேயே, ஷின்-யோகோஹாமாவிலோ மினாதோ மிராயிலோ வேலை என்றால் யோசிக்கவே வேண்டாம், இங்கேயே எடுங்கள்.

ஆபீஸ் பக்கம் என்பது தனி ஆளுக்கும் ஆறு மாத வேலைக்கும் சரி. கட்டில், ஃபிரிட்ஜ், வாஷிங் மெஷின் எல்லாம் இருக்கும், மாதக் கணக்கில் வாடகைக்கு விடும் ஃபிளாட், அதாவது மந்த்லி மேன்ஷன், கிடைக்கும். வாடகை கூடுதல், அறை சிறியது. மளிகைக்கு வார இறுதியில் ஷின்-ஒகுபோ மசாலாக் கடைகளுக்குப் போய்வர வேண்டும். குழந்தையோடு ஆபீஸ் பக்கம் வேண்டாம்.

இடம் முடிவானாலும் யாரிடம் வீடு எடுப்பது என்ற கேள்வி இருக்கிறது. மாத வாடகை 1,20,000 யென் என்று வைத்துக்கொள்வோம். தனியாரிடம் போனால் ரெய்கின் (உரிமையாளருக்கு நன்றியாகக் கொடுக்கும், திரும்பி வராத பணம்) ஒரு மாதம், முன்பணம் ஒரு மாதம், தரகு ஒரு மாதம், வாடகைக்கு ஜாமீன் நிற்கும் கம்பெனிக்கு அரை மாதம், முதல் மாத வாடகை என்று 5 லட்சம் யென்னைத் தாண்டுவது சாதாரணம். வெளிநாட்டவர் என்றதும் கதவைச் சாத்தும் உரிமையாளர்களும் உண்டு. அரசு சார்ந்த யூஆர் குடியிருப்புகளில் ரெய்கின், தரகு, ஜாமீன், புதுப்பிப்புக் கட்டணம் எதுவும் இல்லை. முன்பணம் இரண்டு மாதம், வருமானச் சான்று காட்ட வேண்டும், அவ்வளவுதான். கட்டடங்கள் பழசாக இருக்கலாம், ஆனாலும் என் ஓட்டு யூஆருக்கே. நிஷிகசாய், கிரிகாவொகா இரண்டு இடத்திலும் யூஆர் உண்டு.

தனியாரோ யூஆரோ, வீடு காலியாகத்தான் கைக்கு வரும். பெரும்பாலும் கூரையில் விளக்கு மாட்டும் கொக்கி இருக்கும், விளக்கு இருக்காது. ஜன்னலுக்குத் திரை இருக்காது, அடுப்பும் இருக்காது. கேஸ் திறக்க ஆள் வரும்போது நீங்கள் வீட்டில் இருந்தாக வேண்டும்.

அதனால் முதல் மாதம் நீங்கள் மட்டும் போய் மந்த்லி மேன்ஷனில் தங்குங்கள். வெளிநாட்டவருக்கான அடையாள அட்டையான ரெசிடென்ஸ் கார்டு நரிதா, ஹனேதா விமான நிலையங்களில் இறங்கியதுமே கிடைத்துவிடும். வீட்டுக்குக் குடிபோன 14 நாளுக்குள் வார்டு ஆபீஸில் முகவரியைப் பதிந்துவிடுங்கள். விளக்கு, திரை, அடுப்பு மூன்றும் மாட்டிய பிறகு குடும்பத்துக்கு டிக்கெட் போடுங்கள்.