கல்யாண கேசட்டை டிவிடியில் ஏற்றுவது: ரெக்கார்டரா, ஃபயர்வயரா, யூஎஸ்பியா?

பீரோவில் கிடக்கும் விஎச்எஸ் கல்யாண கேசட்டை டிவிடியில் ஏற்ற வீட்டிலேயே மூன்று வழிகள் இருக்கின்றன. டெக்கிலிருந்து (விசிஆர்) நேராக டிவிடி ரெக்கார்டரில் பதிவது முதல் வழி. மினி டிவி (MiniDV, சின்ன டிஜிட்டல் டேப்) கேமரா அல்லது கனோபஸ் ஏடிவிசி-110 மாதிரி அனலாக்கை டிஜிட்டலாக மாற்றும் பெட்டி வழியாக, ஃபயர்வயர் என்ற பழைய வகைக் கேபிளில் கம்ப்யூட்டருக்கு எடுப்பது இரண்டாவது. மூன்றாவது, டெக்கின் படத்தை யூஎஸ்பி வழியாகக் கம்ப்யூட்டருக்குள் எடுக்கும் கேப்சர் குச்சி. மூன்றிலும் கடைசியில் வருவது ஒரே மாதிரி டிஸ்க்தான்: பொதுவாக 720×576 அளவில், நொடிக்கு 25 ஃபிரேம் ஓடும், எம்பெக்-2 என்ற டிவிடி முறையில் சுருக்கிய படம். ஆனால் சுருக்கும் வேலையை யார், எந்தக் கட்டத்தில் செய்கிறார்கள் என்பதில் மூன்றும் வேறுபடுகின்றன. தரமும் அங்கேதான் தீர்மானமாகிறது.

ரெக்கார்டரைப் பலரும் மட்டமாகப் பேசுகிறார்கள். எனக்கு அதில் உடன்பாடு இல்லை. பழைய டேப்பிலிருந்து வரும் சிக்னல் சீராக இருக்காது. வரிகள் நடுங்கும், நடுவில் ஒத்திசைவு அறுந்துபோகும். நல்ல ரெக்கார்டர்கள் இந்த ஆட்டத்தைப் பெருமளவு சமாளித்துக்கொள்கின்றன. பானசோனிக் டிஎம்ஆர்-இஎஸ்10 மாடலை இந்த ஒரு குணத்துக்காகவே இன்றும் தேடி வாங்கி, டெக்குக்கும் கேப்சர் கருவிக்கும் நடுவில் மாட்டுகிறவர்கள் உண்டு. படமும் குரலும் ஒன்றைவிட்டு ஒன்று விலகும் தொல்லையும் ரெக்கார்டரில் அரிது. பதிந்து, மற்ற பிளேயர்களிலும் ஓடும்படி டிஸ்கை முடித்துவைத்தால் (ஃபைனலைஸ்) டிஸ்க் தயார்.

சிக்கல் நேரக் கணக்கில் இருக்கிறது. 4.7 ஜிபி டிஸ்கில் இரண்டு மணி நேரம் பதிந்தால் நொடிக்குச் சுமார் 5 மெகாபிட் கிடைக்கும், அது போதும். நம் கல்யாண கேசட்டுகளோ பெரும்பாலும் மூன்று மணி நேர டேப்புகள். நான்கு மணி நேர எல்பி மோடுக்குப் போனால் மாலை மாற்றும்போதும் அட்சதை தூவும்போதும் படம் கட்டம் கட்டமாக உடையும். டேப்பின் இரைச்சலையும் அசைவு என்றே என்கோடர் (படத்தைச் சுருக்கும் பகுதி) எடுத்துக்கொண்டு பிட்டுகளை அதில் கொட்டிவிடுவதும் ஒரு காரணம். ரெக்கார்டரில் இதைத் திருத்த வழியில்லை, சுருக்கியது சுருக்கியதுதான். அதனால் ரெக்கார்டரை எடுத்தால் ஒரு கல்யாணத்தை இரண்டு டிஸ்காகப் பிரித்து, இரண்டு மணி நேர எஸ்பி மோடிலேயே பதியுங்கள்.

அடுத்தது ஃபயர்வயர். என் முதல் தேர்வு இதுதான். மினி டிவி முறையில் ஒவ்வொரு ஃபிரேமும் தனித்தனியாகச் சுருக்கப்படுகிறது. படத்துக்கு மட்டும் நொடிக்கு 25 மெகாபிட், ஒரு மணி நேரத்துக்குச் சுமார் 13 ஜிபி. எந்த ஃபிரேமிலும் வெட்டலாம், ஒட்டலாம், டிஸ்குக்கு எத்தனை முறை வேண்டுமானாலும் மறுபடி சுருக்கிப் பார்க்கலாம். ஒலியும் படமும் ஒரே ஓடையில் சேர்ந்தே வருவதால் விலகல் அநேகமாக இருக்காது. பால் (PAL) என்ற நம் நாட்டுத் தொலைக்காட்சி முறையில் இன்னொரு வசதி: மினி டிவியும் டிவிடியும் நிறத்தை 4:2:0 என்ற ஒரே விகிதத்தில் குறைக்கின்றன, எனவே நிறத்தில் இரண்டாவது இழப்பு பெரிதாக இல்லை. அமெரிக்காவிலிருந்து வந்த என்டிஎஸ்சி கேசட் என்றால் இந்தச் சாதகம் போய்விடும். அங்கே மினி டிவி 4:1:1, டிவிடி 4:2:0. அகலம், உயரம் இரண்டிலும் நிறம் அடிபடும்.

குறை என்னவென்றால், புது லேப்டாப்புகளில் ஃபயர்வயர் துளை கிடையாது. எல்லா மினி டிவி கேமராவும் வெளியிலிருந்து வரும் அனலாக் சிக்னலை ஏற்றுக்கொள்வதும் இல்லை. பழைய டெஸ்க்டாப் ஒன்றும் ஃபயர்வயர் கார்டும் கையில் இருந்தால் யோசிக்கவே வேண்டாம்.

யூஎஸ்பி குச்சிதான் மலிவு, கடையில் எளிதாகக் கிடைப்பதும் அதுதான். ஈசிகேப் என்ற பெயரில் விற்கும் குச்சிகளுக்குள் வெவ்வேறு சிப்புகள் இருக்கும். ஒன்று நன்றாக ஓடும், அடுத்தது டேப் சற்று ஆடினாலே ஃபிரேமை விட்டுவிடும். விட்ட ஃபிரேம்கள் சேரச் சேர நாதஸ்வரக்காரர் வாய் எடுத்த பிறகும் ஓசை கேட்கும். ஆனால் நல்ல சிப்பும் இஎஸ்10 போன்ற பெட்டி ஒன்றும் சேர்ந்தால் மூன்றிலும் உயர்ந்த தரம் இங்கேதான். வர்ச்சுவல்டப் என்ற மென்பொருளில், ஹஃப்யுவ் போன்ற இழப்பில்லாத சுருக்கு முறையில் (கோடெக்) பதியலாம். மணிக்கு 30 ஜிபிக்கு மேல் இடம் பிடிக்கும், அதைப் பற்றிக் கவலை வேண்டாம். கூடவே வரும் மென்பொருளில் ‘நேராக டிவிடிக்கு’ என்ற பொத்தான் இருந்தால் தொடாதீர்கள். ரெக்கார்டரின் குறை எல்லாம் அதில் உண்டு, அதன் நிதானம் கிடையாது.

கம்ப்யூட்டர் வழியில் போகிறவர்களுக்கு இனிதான் சுவாரசியமான பகுதி. மூன்று மணி நேரத்தை ஒரே டிஸ்கில் அடக்கினால் ஒலி போக நொடிக்குச் சுமார் 3.2 மெகாபிட்தான் மிஞ்சும். 720×576க்கு அது பற்றாது. ஆனால் விஎச்எஸ் டேப்பில் கிடைமட்டமாக இருக்கும் நுணுக்கமே சுமார் 240 வரி, அதாவது படத்தின் முழு அகலத்துக்கு ஏறக்குறைய 320 புள்ளி. டிவிடி தரநிலை 352×576 அளவையும் அனுமதிக்கிறது. அகலத்தைப் பாதியாக்கினால் இழப்பது மிகக் குறைவு, ஒவ்வொரு புள்ளிக்கும் கிடைக்கும் பிட் இரு மடங்கு. நீளமான டேப்புக்கு நான் தயங்காமல் சொல்வது இந்த அளவைத்தான்.

உயரத்தில் மட்டும் கை வைக்கக் கூடாது. டேப்பில் நொடிக்கு 50 அரைப்படங்கள் (ஒற்றை வரிகள் ஒன்றில், இரட்டை வரிகள் அடுத்ததில்) இருக்கின்றன. 352×288 ஆக்கினால் அதில் பாதி போய்விடும். அந்தக் காலத்து விசிடிகளில் ஊர்வலம் வெட்டி வெட்டி நகர்ந்ததற்கு இதுதான் காரணம். அவற்றுக்கு எம்பெக்-1 என்ற பழைய சுருக்க முறை, நொடிக்கு 1150 கிலோபிட் என்ற வரம்பு வேறு. டிஸ்குக்குப் போகும் படத்தை டீஇன்டர்லேஸ் செய்வதும் (அரைப்படங்களை முழுப்படமாக இணைப்பது) வேண்டாம். எஃப்எஃப்எம்பெக் என்ற மென்பொருளில் பால்-டிவிடி என்ற தயார் அமைப்பு இருக்கிறது, ஆனால் அரைப்படங்களை அப்படியே வைத்துச் சுருக்கும் இன்டர்லேஸ் என்கோடிங்கை நாமே தனியாகச் சொல்ல வேண்டும். எச்சிஎன்க் என்ற எம்பெக்-2 சுருக்கு மென்பொருள் இலவசம், படத்தை இரண்டு தடவை அலசும் முறையில் (இரண்டு பாஸ்) ஓட்டினால் குறைந்த பிட்டிலும் நன்றாகச் செய்கிறது.

அப்புறம் அரைப்பட வரிசை. மினி டிவியில் கீழ் அரைப்படம் முதலில் வரும், அனலாக் கேப்சரில் பெரும்பாலும் மேல் அரைப்படம் முதலில். மாற்றிக் கொடுத்தால் கம்ப்யூட்டரில் தெரியாது, தொலைக்காட்சியில் ஒவ்வொரு அசைவும் முன்னும் பின்னும் உதறும். எனவே ஐந்து நிமிடத் துண்டை, அழித்து மறுபடி எழுதக்கூடிய டிவிடி-ஆர்டபிள்யூவில் எழுதி, வீட்டு பிளேயரில் போட்டுப் பாருங்கள். ஆட்கள் நடக்கும் காட்சியாக இருக்கட்டும்.

கூறைப்புடவையின் சிவப்பு ஓரம் தாண்டி வழிவது எந்த வழியில் எடுத்தாலும் இருக்கும். அது விஎச்எஸ்ஸின் நிறக் குறைவு, பிட் கூட்டினாலும் மாறாது. படத்தின் அடியில் ஓடும் கிழிசல் கோடும் டெக்கின் படிக்கும் தலை மாறும் இடத்தில் வருவதுதான். வெட்டி நீட்டாமல், அந்தச் சில வரிகளைக் கறுப்பால் மூடினால் போதும்.

ஒரே ஒரு கேசட், கம்ப்யூட்டர் வேலையில் பொறுமை இல்லை என்றால் ரெக்கார்டர் நல்ல முடிவு. குடும்பத்தின் எல்லாக் கேசட்டும் உங்கள் பொறுப்பு என்றால் ஃபயர்வயர். அது கிடைக்காத பட்சத்தில் நல்ல யூஎஸ்பி கருவியோடு டேப் ஆட்டத்தை அடக்கும் பெட்டி. டிஸ்க் எழுதி முடித்ததும் கம்ப்யூட்டரில் எடுத்த அந்தப் பெரிய கோப்பை அழித்துவிடாதீர்கள், தனி ஹார்ட் டிஸ்கில் வையுங்கள். விசிஆர் தயாரித்துவந்த கடைசி நிறுவனமான ஜப்பானின் ஃபுனாய் 2016 ஜூலையில் அதை நிறுத்திவிட்டது. ஓடும் டெக் ஒன்று இப்போது கையில் இருந்தால், கேசட்டின் வெளித்தூசியைத் துடைத்து, ஒரு தடவை முழுக்க ஓட்டிச் சுற்றிவிட்டு இந்த வாரமே தொடங்குங்கள்.