கார்த்திகையைத் தாண்டுமா? டெல்டா வீட்டுக்கு எந்தப் பூமரம், எந்தப் பூச்செடி

காவிரி டெல்டாவில் வீட்டைச் சுற்றிப் பூச்செடியும் மரமும் வைக்க நினைக்கிறவர்கள் பெரும்பாலும் கத்திரி வெயிலை நினைத்துத்தான் கவலைப்படுகிறார்கள். வெயிலில் வாடிய செடியை இரண்டு குடம் தண்ணீர் ஊற்றித் தேற்றிவிடலாம். ஐப்பசி கார்த்திகையில் களிமண்ணில் நாலைந்து நாள் தண்ணீர் நின்று வேர் அழுகிவிட்டால் அப்புறம் ஒன்றும் செய்வதற்கில்லை. இங்கே ஆண்டு மழையில் பாதிக்கு மேல் அக்டோபருக்கும் டிசம்பருக்கும் இடையில் கொட்டிவிடுகிறது. சில வருஷம் புயலும் கூடவே வருகிறது. அதனால் நர்சரியில் எந்தக் கன்றைப் பார்த்தாலும் இது கார்த்திகையைத் தாண்டுமா என்பதுதான் என் முதல் கேள்வி.

வாசலில் மணக்கிற மரம் ஒன்று வேண்டும் என்பவர்கள் முன் வந்து நிற்பவை மரமல்லியும் பவளமல்லியும். இரண்டும் வெள்ளைப் பூ, இரண்டும் இரவில் மணக்கும், மழைக்காலத்தை ஒட்டிப் பூக்கும். மரமல்லி கிடுகிடுவென்று வளரும். சில வருஷத்திலேயே மாடி உயரத்தைத் தொட்டுவிடும். உதிர்ந்த பூ நீளக் காம்போடு தரையில் கிடக்கும் அழகே தனி. ஆனால் அதன் கட்டை சட்டென்று முறியக்கூடியது, வேரும் ஆழம் போகாது. பூத்துக் குலுங்குகிற அதே மாதத்தில்தான் புயலும் வருகிறது என்பதை யோசித்தால், ஓட்டு வீட்டுக்கோ மின்கம்பிக்கோ பக்கத்தில் அதை வைக்க மனம் வராது. பவளமல்லி சிறு மரம். ஆவணி புரட்டாசியில் பூ பிடித்து மார்கழிவரை விடியலில் உதிர்க்கும். கோடையில் இலை கொட்டி, சொரசொரத்துப் பரட்டையாக நிற்கும், அது உண்மை. வருஷத்துக்கு ஒருமுறை கிளைகளைக் கழித்துவிட்டால் அதுவும் சரியாகிவிடும். வாசலுக்கு என் ஓட்டு பவளமல்லிக்கே. மன்னார்குடி பக்கம் திருக்களர் கோயிலில் தலமரமும் அதுதான்.

மனை பெரிதாக இருந்தால் போட்டி வேறு. மே மாதம் ஊரே சிவக்கும்படி பூக்கும் குல்மொஹரை எல்லாருக்கும் பிடிக்கும். மடகாஸ்கரிலிருந்து வந்த மரம் அது. வேர் மேலாகவே படர்ந்து தளவரிசையைத் தூக்கும். குடை அகலம், கட்டை மென்மை, காற்றுக்குத் தாங்காது. 2018 நவம்பர் 16 நள்ளிரவு தாண்டி வேதாரண்யம் பக்கம் கஜா புயல் கரையைக் கடந்தபோது லட்சக்கணக்கான தென்னைகளே சாய்ந்தன. காற்றுக்கு வளைந்து கொடுக்கும் மரத்துக்கே அந்தக் கதி என்றால் குல்மொஹரை நம்பி யார் கார் நிறுத்துவது? அதற்கு எதிரே புன்னையை வைத்துப் பாருங்கள். கடற்கரை மரம், உப்புக்காற்றும் பலத்த காற்றும் அதற்குப் பழக்கம். கரும்பச்சை இலை, வெள்ளைப் பூவுக்கு நடுவில் மஞ்சள் மகரந்தம், வருஷம் பூராவும் நிழல். குறை ஒன்றுதான்: மெதுவாக வளரும். இன்று வைத்தால் நிழலில் கட்டில் போட்டுப் படுப்பது பிள்ளைகளாகத்தான் இருக்கும். நாகப்பட்டினம், வேதாரண்யம் பக்கம் வீடு என்றால் யோசிக்கவே வேண்டாம், புன்னைதான். தஞ்சாவூர், கும்பகோணம் பக்கம், சித்திரையில் பூ வேண்டும் என்றால் நடுவழியாகச் சரக்கொன்றை இருக்கிறது. குல்மொஹர் அளவுக்கு அகலாது.

வேலி ஓரத்துக்கு இட்லிப்பூவா அரளியா என்பதை மண்ணே முடிவு செய்துவிடும். இட்லிப்பூவுக்கு, அதாவது வெட்சிக்கு, புளிப்புத்தன்மை உள்ள மண் வேண்டும். ஒரத்தநாடு, பட்டுக்கோட்டைச் செம்மண்ணில் கவனிக்காமல் விட்டாலும் கொத்துக்கொத்தாகப் பூக்கும். ஆற்றுத் தண்ணீர் கடைசியாகப் போய்ச் சேரும் கடைமடையில், உவர்த் தண்ணீர் ஏறும் போர்வெல்லிலிருந்து பாய்ச்சினால் கொழுந்திலை வெளுத்து நரம்பு மட்டும் பச்சையாக நிற்கும். அங்கே வேர் இரும்புச் சத்தை இழுக்க முடியாமல் தவிக்கிறது. உரம் வாங்கிப் போட்டுப் போட்டு அலுத்துப்போவீர்கள். அரளிக்கு உப்பும் வெயிலும் காற்றும் ஒரு பொருட்டில்லை. ஆனால் இலை, பூ, தண்டு எல்லாமே விஷம். தவழும் குழந்தையோ, அவிழ்த்து மேயவிடும் ஆடு மாடோ உள்ள வீட்டில் அரளி வேண்டாம். அப்படிப்பட்ட கடைமடை வீட்டுக்கு இரண்டுமே சரிவராது. வேலிக்குச் செம்பருத்தியை வைத்து, மாவுப்பூச்சி வந்தால் வேப்பெண்ணெய்க் கரைசல் அடித்துச் சமாளியுங்கள்.

பூஜைக்கும் தலைக்கும் பூ வேண்டும் என்றால் எல்லாரும் குண்டுமல்லிக்குத்தான் ஓடுவார்கள். பங்குனியிலிருந்து ஆனிவரை அதற்கு நிகரில்லை. ஆனால் நீர் தேங்கினால் முதலில் சாவதும் அதுதான். நவம்பர் கடைசியில் தரையிலிருந்து ஒன்றரை அடிக்குக் கவாத்து செய்யச் சொல்வது பொதுக் கணக்கு. நம் பக்கம் அப்போது மழை விடாமல் பெய்துகொண்டிருக்கும், வெட்டிய இடத்தில் அழுகல் ஏறும். மார்கழியில் வெயில் முகம் காட்டியதும் வெட்டினால் போதும், பூ கொஞ்சம் பிந்தும், அவ்வளவே. நந்தியாவட்டைக்கு இந்தப் பாடெல்லாம் இல்லை. கொல்லையில் அரை நிழலிலும் வருஷம் முழுக்க நாலு பூவாவது கொடுக்கும். மணம் குறைவு, தலையில் வைக்க ஆகாது. இடம் மேடாக இருந்தால் மல்லி. தாழ்வாக இருந்தால் நந்தியாவட்டை, மல்லியைத் தொட்டியில் வைத்துக்கொள்ளுங்கள்.

சுவரில் ஏற்ற, வெயில் காய்கிற மேற்குப் பக்கத்துக்குக் காகிதப்பூ, மழைத் தண்ணீர் சொட்டும் பக்கத்துக்கு ரங்கூன் மல்லி. இதில் பெரிய வாதம் இல்லை.

எப்போது நடுவது என்பதிலும் இரண்டு கட்சி. ஆடியில் நடு, ஐப்பசி மழை வளர்த்துவிடும் என்பார்கள். செம்மண் பூமியில் அது சரி, தண்ணீர் வடிந்துவிடும். களிமண்ணில் ஆடிக் கன்றுக்கு வேர் ஊன்ற மூன்று மாதம்தான். அதற்குள் வெள்ளம் வந்து நிற்கும். தையில் நட்டால் அடுத்த ஐப்பசிக்கு ஒன்பது மாதம் கிடைக்கும். மேட்டூர் அணையை ஜூன் 12-இல் திறந்து ஜனவரி 28-இல் மூடுவது வழக்கம் என்பதால் தையில் கிணற்றிலும் தண்ணீர் மேலேயே இருக்கும். மாசியிலிருந்து நீங்கள்தான் ஊற்ற வேண்டும், அந்த உழைப்புக்குத் தயாராக இருந்தால் தைதான்.

இன்னொன்று, களிமண்ணில் ஆழக் குழி வெட்டி மணலும் எருவும் நிரப்பிக் கன்றை வைக்கச் சொல்வார்கள். சுற்றிலும் களி, நடுவில் மணல் என்றால் அந்தக் குழி மழைக்கு நிரம்பி வடியாத தொட்டிதான். அதைவிட மண்ணைக் கொத்தி, எரு கலந்து, முழ உயரத்துக்கு மேடு கூட்டி அதில் நடுங்கள். ஊற்றும் தண்ணீர் நிற்கக் கன்றைச் சுற்றிக் கரை கட்டுவதைச் சித்திரையில் வைத்துக்கொண்டு, புரட்டாசி பிறந்ததும் மழைத் தண்ணீர் வடிய அந்தக் கரையை மறக்காமல் வெட்டிவிடுங்கள்.