கடலோரத்தில் மிலிட்டரி டிஸ்போசல் புல்லட்: உதிரி சேர்த்துக் கட்டிய வண்டி நெடுநாள் ஓடிய பிறகு

ராணுவம் கழித்து விற்ற (மிலிட்டரி டிஸ்போசல்) புல்லட் 350 பைக்கை உதிரி வாங்கிக் கட்டி ஓட்டலாமா என்று கடலூர், புதுச்சேரிப் பக்கம் கேட்பவர்கள் நிறையப் பேர். தாராளமாக ஓட்டலாம். எந்தப் பார்ட்டைப் பழசாக எடுக்கிறோம், எதைப் புதுசாகப் போடுகிறோம் என்பதில்தான் வண்டியின் ஆயுள் இருக்கிறது. சில மழைக்காலம் உப்புக் காற்றில் ஓடிய எஞ்ஜினைப் பிரித்தால் இது கண்ணுக்கே தெரியும். ஃபிரேம், கேஸ் (கிராங்க் உட்காரும் எஞ்ஜின் அடிக்கூடு), கியர், கேம் எல்லாம் பழசு நல்லது. ரப்பர், கார்க், ஒயர், கேபிள் எதையும் பழசாக வாங்கவே கூடாது.

1955-ல் மெட்ராஸில் என்ஃபீல்டு இந்தியா தொடங்கிய பிறகு, இந்த எஞ்ஜினின் அடிப்படை அளவு பல பத்தாண்டுகள் மாறவே இல்லை: 70 மி.மீ. போர் (சிலிண்டர் விட்டம்), 90 மி.மீ. ஸ்ட்ரோக் (பிஸ்டன் ஏறி இறங்கும் தூரம்), 346 சி.சி. உதிரியிலிருந்து கட்ட முடிவதற்குக் காரணமே அதுதான். ஆனால் அளவு ஒன்று என்பதால் எல்லாமே எல்லாவற்றிலும் மாட்டும் என்று நினைத்தால் மரையில் மாட்டிக்கொள்வோம். பழைய வண்டிகளில் இருப்பது பிரிட்டிஷ் மரை. 5/16 இஞ்சு பி.எஸ்.எஃப். (பிரிட்டிஷ் நுண்மரை) துளையில் மெட்ரிக் எம்-8 போல்ட் இரண்டு சுற்று சுலபமாக இறங்கும், அப்புறம் இறுகும். இஞ்சுக்கு 22 மரை உள்ள இடத்தில் ஏறத்தாழ 20 மரை உள்ளதைத் திணிக்கிறோம். ஸ்பேனரை அழுத்தினால் அலுமினியக் கேஸின் மரை உருவிக்கொண்டு வரும். மரை கேஜ் ஒன்று கையில் இல்லாமல் பழைய கேஸைத் தொடவே வேண்டாம்.

எஞ்ஜினுக்கு முன்னால் பேப்பர். ராணுவம் கழித்த வண்டிகள் ஏலத்தில் வரும். அங்கிருந்து நேராக எடுத்து முதல்முறை பதிவு செய்ய, ராணுவத் தரப்பு கொடுக்கும் அசல் படிவம் 21 விற்பனைச் சான்று வேண்டும். ஃபிரேம் கழுத்தில் இருக்கும் எண்ணும் கேஸில் இருக்கும் எண்ணும் அதோடு ஒத்துப்போக வேண்டும். பேப்பர் இல்லாத ஃபிரேம் எவ்வளவு அழகாக இருந்தாலும் அது காயலான் கடைச் சரக்குதான். புதுச்சேரியில் பிஒய்-01 போட்டு ஓடும் வண்டியைக் கடலூர் டிஎன்-31-க்கு மாற்ற, படிவம் 28-ல் என்.ஓ.சி. (தடையில்லாச் சான்று) வாங்க வேண்டும். இன்னொன்று, அந்தப் பச்சை நிறத்தை ஆசைப்பட்டு அப்படியே விட முடியாது. மத்திய மோட்டார் வாகன விதி 121, ஆலிவ் பச்சையை ராணுவ வண்டிகளுக்கு மட்டும் ஒதுக்கியிருக்கிறது. கறுப்பு அடித்து, ஆர்.சி.யிலும் கறுப்பு என்றே ஏற்றிவிடுவது நல்லது.

கேஸ் வாங்கும்போது இரண்டு பாதியும் ஜோடியா என்று பார்க்க வேண்டும். இரண்டையும் சேர்த்து வைத்து பேரிங் துளை போட்டவை அவை. ஒரு வண்டியின் இடது பாதியையும் இன்னொன்றின் வலது பாதியையும் சேர்த்தால் போல்ட் எல்லாம் மாட்டும். கிராங்க்கைக் கையால் சுற்றும்போதுதான் ஓரிடத்தில் இறுகும். ஓட ஓடச் சரியாகிவிடும் என்று யார் சொன்னாலும் நம்பக்கூடாது.

கிராங்க்கில் பிஸ்டன் ராடின் அடிமுனை (பிக் எண்ட்) சுழலும் பழைய ஃப்ளோட்டிங் புஷ் பெரும்பாலும் நல்ல நிலையில் கிடைக்கும். எண்ணெயை மண்ணெண்ணெய் விட்டுக் கழுவித் துடைத்த பிறகே சோதிக்க வேண்டும், எண்ணெய் இருந்தால் ஆட்டத்தை மறைத்துவிடும். ராடை மேலும் கீழும் இழுத்தால் துளிகூட ஆடக்கூடாது. பக்கவாட்டில் கொஞ்சம் ஆடத்தான் வேண்டும். ராணுவ ஸ்டோரில் பிரிக்காமலே கிடந்த பார்ட் என்றால், பல வருடம் முன்பு பூசிய கிரீஸ் எண்ணெய்த் துளைக்குள் மெழுகாக இறுகியிருக்கும். ஒவ்வொரு துளையிலும் மெல்லிய கம்பி விட்டு, காற்றடித்து, மறுபக்கம் காற்று வருகிறதா என்று விரல் வைத்துப் பார்க்க வேண்டும். இதை விட்டதால் பிக் எண்ட் போன எஞ்ஜின்கள் உண்டு.

கேம் கியர்கள் இருக்கும் டைமிங் பக்கத்தில், கிராங்க் முனையில் ஆயில் பம்பைச் சுழற்றும் வார்ம் கியர் இடது மரை. கழற்றுகிறேன் என்று வழக்கமான பக்கம் திருப்பி அழுத்தினால் முனையே முறியும். ஆயில் பம்பின் டிஸ்க் உட்காரும் முகம் தேய்ந்திருந்தால், இரவு நின்ற வண்டியில் ஆயில் டேங்க் எண்ணெய் கிராங்க்கேஸுக்குள் இறங்கிவிடும். காலையில் கிளப்பியதும் தெருவே புகை. பலர் பிஸ்டன் ரிங் போய்விட்டது என்று சிலிண்டரைக் கடையக் கொடுத்துவிடுகிறார்கள். டிஸ்க்கை மெட்டல் பாலிஷ் வைத்து அதன் இருக்கையிலேயே தேய்த்தால் போதும். முகம் முழுக்க ஒரே மங்கல் சாம்பல் நிறம் வரும் வரை தேய்த்து, பசை ஒட்டாமல் கழுவ வேண்டும். டைமிங் கவர் வழியாகக் கிராங்க்குக்கு எண்ணெய் போகும் இடத்திலுள்ள கார்க் சீலைக் கழற்றும்போதெல்லாம் புதுசு போட வேண்டும். முதல் ஸ்டார்ட்டுக்கு முன் ஃபில்டர் அறையை 20டபிள்யூ-50 எண்ணெயால் நிரப்பி, ஓடும்போது ஹெட்டில் வால்வை அழுத்தும் ராக்கருக்குப் போகும் பைப்பின் போல்ட்டை அரைச் சுற்றுத் தளர்த்தினால் சிறிது நேரத்தில் எண்ணெய் கசிய வேண்டும். வராவிட்டால் உடனே நிறுத்த வேண்டும்.

இக்னிஷன் டைமிங், அதாவது தீப்பொறி விழும் இடம், 350-க்கு பிஸ்டன் மேலேறும்போது உச்சிக்கு 0.8 மி.மீ. கீழே. பிளக் துளை சாய்ந்திருப்பதால் அதில் குச்சி விட்டு அளந்தால் தப்பு வரும். ஹெட் மாட்டும் முன்பே டயல் கேஜ் வைத்து அந்த இடத்தைப் பிடித்து, ஆல்டர்னேட்டர் ரோட்டரிலும் ஸ்டேட்டரிலும் கோடு போட்டுவிட்டால் ஆயுசுக்கும் உதவும். முதலில் பாயின்ட் (திறக்கும்போது தீப்பொறி விழவைக்கும் மின்தொடுப்பு) இடைவெளி, 0.35 முதல் 0.40 மி.மீ., பிறகுதான் டைமிங். இடைவெளியை அப்புறம் தொட்டால் டைமிங்கும் நகரும். சிகரெட் சுற்றும் காகிதத்தைப் பாயின்ட்டுக்கு நடுவில் வைத்து மெல்ல இழுத்துக்கொண்டே சுற்றினால், அது விடுபடும் கணம்தான் தீப்பொறி. வேகத்துக்கேற்பத் தீப்பொறியை முன்கூட்டி விழவைக்கும் அட்வான்ஸ் எடைகள் துருப்பிடித்து விரிந்தபடியே நின்றுவிடும் ஊர் இது. கிக் அடிக்கும்போது காலைத் திருப்பி உதைத்தால் முதலில் அங்கே பாருங்கள்.

டாப்பெட் (வால்வைத் திறக்கும் புஷ்ராடின் இடைவெளி) எஞ்ஜின் குளிர்ந்திருக்கும்போது மட்டும் சரிசெய்ய வேண்டும். புஷ்ராடு இரு விரலில் சுழல வேண்டும், மேலும் கீழும் ஆடக்கூடாது.

கிக் அடிப்பதற்கும் அம்மீட்டர் உதவுகிறது. சாவி போட்டதும் முள் இடது பக்கம் சாய்ந்திருக்கும். கம்ப்ரெஷன் இறுகும் இடத்தில் டிகம்ப்ரெஸர் லீவரை (சிலிண்டர் அழுத்தத்தை வெளியே விடுவது) அழுத்திக் கிக்கரை மெல்ல இறக்கினால் முள் நடுவுக்கு வரும். பாயின்ட் திறந்துவிட்டது, பிஸ்டன் உச்சியை ஒட்டி வந்துவிட்டது என்று அர்த்தம். லீவரை விட்டு, கிக்கரை மேலே வரவிட்டு, ஒரே முழு உதை.

நான்கு கியர் பெட்டியில் பழைய கியர்கள் பற்கள் உடையாமல் இருந்தால் புதிதாக வருபவற்றைவிட மேல். முழுக்கத் தண்ணியான கியர் எண்ணெய் ஊற்றினால் ஒழுகும். கூழ் போன்ற கிரீஸ் கலந்தால் ஒழுகாமல் நிற்கும். ஒரே மிதியில் நியூட்ரலுக்குக் கொண்டுவரும் நியூட்ரல் ஃபைண்டர் லீவர் முதல் கியரிலிருந்து வேலை செய்யாது, அது பழுது இல்லை.

உப்புதான் நிரந்தரப் பகை. ஸ்டெயின்லெஸ் போல்ட்டை அலுமினியத்தில் வெறுமனே போட்டால் ஒரே வருடத்தில் வெள்ளைப் பொடி பூத்து ஒட்டிக்கொள்ளும், கிரீஸ் தடவாமல் போடவே கூடாது. பேட்டரி எர்த் ஃபிரேமில் தொடும் இடத்தில் பெயிண்டைச் சுரண்டி, இறுக்கி, மேலே கிரீஸ் பூச வேண்டும். ‘கரண்ட் வரவில்லை’ என்று வரும் வண்டிகளில் முதலில் பார்க்க வேண்டிய இடம் அது. ஸ்போக் நிப்பிளுக்கு வருடம் இருமுறை எண்ணெய் விட வேண்டும்.

ஐப்பசி, கார்த்திகையில் ஆயில் மூடியின் உள்பக்கம் மோர் மாதிரி வெண்ணிறமாகப் படிந்தால் பயப்பட வேண்டாம். தேவனாம்பட்டினம் கடற்கரை வரை மட்டும் போய்வரும் வண்டியில் எஞ்ஜின் சூடேறாமல் ஈரம் தங்கிவிடுகிறது. வாரம் ஒருமுறை கடலூரிலிருந்து புதுச்சேரி போய்த் திரும்பினால் அந்த ஈரம் ஆவியாகிவிடும். அதற்குப் பிறகும் வெண்ணிறம் போகாவிட்டால் எண்ணெயை மாற்ற வேண்டும்.