நானோ குழாய் மேல் பாலிஅனிலின்: ரசாயன வழியா, மின்வழியா?

பாளையங்கோட்டையிலோ அபிஷேகப்பட்டியிலோ எம்.எஸ்சி. புராஜெக்டுக்குக் கார்பன் நானோ குழாய் (கண்ணுக்குத் தெரியாத அளவு மெல்லிய கார்பன் குழல்) மேல் மின்சாரம் கடத்தும் பாலிமரான பாலிஅனிலினை வளர்க்க நினைக்கும் பிள்ளைகளுக்கு இது.

ரசாயன வழிக்குப் பெரிய கருவி வேண்டாம். அமிலம் சேர்த்த நீரில் குழாய்களை அல்ட்ராசானிக் தொட்டியில் நன்றாகப் பிரித்துவிட்டு, பாலிமருக்கு மூலப்பொருளான அனிலினைக் கலந்து, அதைப் பாலிமராக்கும் ஆக்சிஜனேற்றியான அம்மோனியம் பெர்சல்பேட் கரைசலைச் சொட்டுச் சொட்டாக விட வேண்டும். பீக்கரின் ஓரத்தைப் பாருங்கள்: முதலில் நீலம் தட்டும், பிறகு கரும்பச்சையாகும். அந்தப் பச்சைதான் எமரால்டின் உப்பு எனும், மின்சாரம் கடத்தும் பாலிஅனிலின் வடிவம். வினையே வெப்பத்தை வெளிவிடும் என்பதால் 0 முதல் 5 டிகிரிக்குள் வைப்பது நல்லது. நம்ம ஊர் சித்திரை வெயிலில் ஐஸ் நிற்காது. கூடுதலாகவே வாங்கி வையுங்கள். தூள் கிராம் கணக்கில் கிடைக்கும். ஆனால் குழாயில் ஒட்டாமல் தனியாகத் திரளும் பாலிமரும் கூடவே வரும்.

மின்வழியில், அனிலின் கரைசலில் மின்சாரம் செலுத்தினால், குழாய் பூசிய மின்முனையிலேயே பாலிமர் படலம் வளரும். எவ்வளவு மின்னூட்டம் செலுத்துகிறோமோ அதை வைத்துத் தடிமனைக் கட்டுப்படுத்தலாம். அதற்குப் பொட்டென்ஷியோஸ்டாட் (மின்முனையின் மின்னழுத்தத்தைக் கட்டுப்படுத்தும் கருவி) வேண்டும். மின்னழுத்தம் எல்லை மீறினால் பாலிமர் சிதையும். முனையின் பரப்பு எவ்வளவோ, அவ்வளவுதான் சரக்கு.

சென்சாருக்கு நான் யோசிக்காமல் மின்வழியைச் சொல்வேன். மின்னூட்டம் சேமிக்கும் சூப்பர் கெப்பாசிட்டரின் பூச்சுக்கோ, மின்சாரம் கடத்தும் மை (இங்க்) செய்யவோ தூள் நிறைய வேண்டும். அங்கே ரசாயன வழிதான்.

அனிலின் நச்சு, தோல் வழியாகவும் உடம்பில் ஏறும். கையுறையும் ஃப்யூம் ஹூடும் (ஆவியை உறிஞ்சி வெளியேற்றும் கூண்டு) இரண்டு வழிக்கும் கட்டாயம். பாட்டிலில் அனிலின் பழுப்பேறியிருந்தால், குறை அழுத்தத்தில் வடித்து நிறமற்றதாக்கிவிட்டுத் தொடங்குங்கள்.